கையொப்பமிட்ட சக்கரவர்த்தி: ஹர்ஷவர்த்தனர்

செப்பேடு என்றதும் நம்மில் பலருக்குப் பல்லவர்களும் சோழர்களும்தான் நினைவுக்கு வருவார்கள். கூரம், காசாக்குடி, அன்பில், திருவாலங்காடு என்று ஊர்ப் பெயர்களும் வரிசையாக வரும். ஆனால் தாமிரத் தகட்டில் எழுதி பூதானம் செய்யும் வழக்கம் பாரத தேசம் முழுவதும் இருந்தது. வடக்கே அப்படி சாசனம் கொடுத்தவர்களில் ஒருவர், பள்ளிக்கூடத்தில் சிறுகுறிப்பு வரைந்துவிட்டு நாம் மறந்துபோன ஹர்ஷவர்த்தனர். அவருடைய வாழ்க்கையை அவர் கொடுத்த செப்பேடுகளின் துணையோடு ஒருமுறை பார்ப்போம்.

குருக்ஷேத்திரத்தை அடுத்த ஸ்தாணீஸ்வரம், அதாவது இன்றைய தானேசர்தான் அவருடைய முன்னோர்களின் தலைநகரம். தந்தை பிரபாகரவர்த்தனர், தாய் யசோமதி, மூத்தவர் ராஜ்யவர்த்தனர், தங்கை ராஜ்யஸ்ரீ. கன்னோசியை ஆண்ட மௌகரி வம்சத்து கிரகவர்மனுக்குத் தங்கையைக் கொடுத்திருந்தார்கள்.

605, 606-ஆம் ஆண்டுகளில் அந்தக் குடும்பத்தின் மீது அடிமேல் அடி விழுந்தது. ஹூணர்களை எதிர்க்க ராஜ்யவர்த்தனர் வடக்கே போயிருந்தபோது தந்தை கடும் ஜுரத்தில் படுத்தார். அவர் பிழைக்க மாட்டார் என்று தெரிந்ததும், அவர் உயிர் பிரியும் முன்பே தாய் அக்கினிப் பிரவேசம் செய்துவிட்டார். துக்கம் ஆறுவதற்குள் மாளவ அரசன் கிரகவர்மனைக் கொன்று ராஜ்யஸ்ரீயைச் சிறையில் அடைத்தான் என்ற செய்தி வந்தது. பதினாயிரம் குதிரை வீரர்களோடு புறப்பட்ட அண்ணன் மாளவப் படையை வென்றார். ஆனால் கௌட தேசத்து சசாங்கனை நம்பிப் போய் அவனிடத்தில் உயிரை இழந்தார். ஹர்ஷருக்கு அப்போது வயது சுமார் பதினாறு.

அரியணை ஏறிய அந்தப் பிள்ளை முதலில் தேடிப் போனது தங்கையைத்தான். சிறையிலிருந்து தப்பிய ராஜ்யஸ்ரீ விந்திய மலைக் காட்டில் தீ மூட்டி அதில் இறங்கத் தயாராக இருந்தாள். திவாகரமித்திரர் என்ற பௌத்த பிக்ஷுவின் உதவியால் ஹர்ஷர் கடைசி நேரத்தில் போய்ச் சேர்ந்து அவளைக் காப்பாற்றினார். பிறகு கன்னோசியே அவருடைய தலைநகரமாயிற்று.

இந்தக் கதையை நமக்குச் சொன்னவர் அவருடைய அவைப் புலவர் பாணபட்டர். அவர் எழுதிய ஹர்ஷசரிதத்தில் நம் விஷயத்துக்கு நேரான ஒரு சம்பவம் வருகிறது. ஹர்ஷர் படையோடு புறப்பட்டு சரஸ்வதி நதிக்கரையில் தங்கியிருந்தார். கிராமக் கணக்கர், ரிஷப முத்திரை பொறித்த புதுப் பொன் முத்திரையைக் கொண்டுவந்து, முதல் சாசனத்தைப் பிறப்பிக்கும்படி வேண்டினார். முத்திரை அரசர் கையிலிருந்து நழுவி ஈர மண்ணில் குப்புற விழுந்தது. அபசகுனம் என்று சுற்றியிருந்தவர்கள் கலங்கினார்கள். ஹர்ஷரோ, பூமி முழுவதும் தம் ஒரே முத்திரைக்கு அடங்கும் என்பதற்கு இது அறிகுறி என்று எடுத்துக்கொண்டார். ஆயிரம் ஏர் அளவுள்ள நிலங்களோடு நூறு கிராமங்களை அந்த இடத்திலேயே பிராமணர்களுக்கு தானம் செய்தார். கவி கொஞ்சம் கூட்டித்தான் சொல்லியிருப்பார் என்று தோன்றலாம். ஆனால் சோனிபத்தில் கிடைத்த ஹர்ஷரின் செப்பு முத்திரையில் படுத்திருக்கும் ரிஷபத்தை இன்றும் காணலாம். ரிஷப முத்திரை என்று பாணர் சொன்னது பொய்யல்ல.

இனி செப்பேடுகளுக்கு வருவோம். ஷாஜஹான்பூர் அருகே பான்ஸ்கேரா என்ற ஊரில் 1894-இல் ஒன்று கிடைத்தது. ஹர்ஷரின் 22-ஆவது ஆட்சியாண்டில், அதாவது 628-இல், வர்த்தமானகோடி என்ற படைமுகாமிலிருந்து கொடுக்கப்பட்டது. அகிச்சத்திரப் பகுதியில் மர்க்கடசாகரம் என்ற கிராமத்தை பாரத்வாஜ கோத்திரத்தைச் சேர்ந்த இருவர் பெற்றார்கள். ஒருவர் ரிக்வேதி பட்ட பாலசந்திரர், மற்றவர் ஸாமவேதி பத்ரஸ்வாமி. சந்திர சூரியர் உள்ளவரை பிள்ளை, பேரன் என்று அனுபவிக்கலாம். கிராமத்தார் அரசனுக்குச் செலுத்தவேண்டிய வரிகளை இனி இவர்களுக்குச் செலுத்தவேண்டும். எழுதி முடித்த தகட்டின் அடியில் அலங்காரமான பெரிய எழுத்துக்களில், இது மகாராஜாதிராஜ ஹர்ஷரின் சொந்தக் கையொப்பம் என்ற வாசகம் பொறிக்கப்பட்டிருக்கிறது. அவர் கையால் எழுதியதை அப்படியே தகட்டில் வெட்டியிருக்கிறார்கள்.

அந்த சாசனத்தில் நம் மனதைத் தொடுவது வேறொன்று. தானத்தின் புண்ணியம் யாருக்கு என்று சொல்லும் இடத்தில் தந்தை, தாய், அண்ணன் மூவர் பெயரும் வருகின்றன. அண்ணன் சத்தியத்துக்குக் கட்டுப்பட்டுப் பகைவன் இருப்பிடத்தில் உயிரை விட்டதையும் சொல்லியிருக்கிறார்கள். இறந்து இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகியும், வட இந்தியாவின் பெரும்பகுதியைக் கட்டி ஆளும்போதும், ஹர்ஷர் அண்ணனை மறக்கவில்லை.

மற்றொரு செப்பேடு, அந்நாளைய ஆஜம்கட் மாவட்டத்து மதுபன் என்ற ஊரில் 1888-இல் ஓர் உழவரின் ஏரில் தட்டுப்பட்டது. அது 631-இல் கொடுக்கப்பட்டது. சிராவஸ்திப் பகுதியில் சோமகுண்டகம் என்ற கிராமத்தை வாமரத்யன் என்ற பிராமணன் அனுபவித்து வந்தான். அவனிடம் சாசனமும் இருந்தது. ஆனால் அது பொய் சாசனம். விஷயம் தெரிந்ததும் ஹர்ஷர் அந்தப் போலித் தகட்டை உடைத்து, கிராமத்தை அவனிடமிருந்து மீட்டார். ஸாவர்ணி கோத்திரத்து ஸாமவேதி வாதஸ்வாமி, விஷ்ணுவிருத்த கோத்திரத்து ரிக்வேதி சிவதேவஸ்வாமி ஆகிய இருவருக்கும் முறைப்படி எழுதிக் கொடுத்தார்.

பிராமணன் என்பதற்காக வாமரத்யனை மன்னித்து விட்டிருக்கலாம். அல்லது கோபத்தில் கிராமத்தை அரசுடைமையாக்கி, அந்த தர்மத்தையே நிறுத்தியிருக்கலாம். ஹர்ஷர் இரண்டையும் செய்யவில்லை. பொய்யைத் தண்டித்தார், தர்மத்தைத் தொடர்ந்தார். ஏமாற்றியவன் பெயரையும் தகட்டிலேயே எழுதிவைத்தார். கோத்திரமும் வேதமும் சொல்லிப் பெருமையோடு வாங்கிய பெயர்களுக்குப் பக்கத்தில், திருட்டுத்தனமாக அனுபவித்தவன் பெயரும் இன்றுவரை நிற்கிறது.

ஹர்ஷர் எல்லாவற்றிலும் வென்றவரல்ல. தெற்கே படையெடுத்தபோது சாளுக்கிய இரண்டாம் புலிகேசி அவரைத் தடுத்துத் திருப்பி அனுப்பினார். ஐஹொளேக் கல்வெட்டு இதைச் சொல்கிறது. இந்தப் போர் 618-619 குளிர்காலத்தில் நடந்திருக்கவேண்டும் என்று ஆராய்ச்சியாளர்கள் 2016-இல் கூறியதும் ஒரு செப்பேட்டை வைத்துத்தான். அது 619-இல் புலிகேசி கொடுத்த தான சாசனம். ஹர்ஷரை வென்ற அதே புலிகேசியைப் பின்னாளில் நம் நரசிம்மவர்ம பல்லவர் வென்றார். புறங்காட்டி ஓடிய புலிகேசியின் முதுகையே தகடாக்கி அதில் வெற்றி என்று எழுதினார் என்று கூரம் செப்பேடு வர்ணிக்கிறது. உவமைக்குக்கூட அங்கே சாசனத் தகடுதான் வருகிறது!

செப்பேடுகளில் ஹர்ஷர் தம்மைப் பரம மாகேஸ்வரர், அதாவது சிவபக்தர் என்று சொல்லிக்கொள்கிறார். அண்ணன் பௌத்தர், தந்தை சூரிய பக்தர். பிற்காலத்தில் ஹர்ஷர் மனம் மகாயான பௌத்தத்தின் பக்கம் சாய்ந்தது. சீன யாத்திரிகர் யுவான் சுவாங்கைப் பெரிதும் போற்றினார். ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை பிரயாகையில் நடத்திய மகாதான விழாவில் முதல் நாள் புத்தருக்கும், அடுத்த நாள் சூரியனுக்கும், மூன்றாம் நாள் சிவபெருமானுக்கும் பூஜை நடந்ததாக அந்த யாத்திரிகரின் குறிப்புகளிலிருந்து தெரிகிறது. கஜானாவையும் உடம்பிலிருந்த நகைகளையும் கொடுத்துத் தீர்த்துவிட்டு, கட்டிக்கொள்ளப் பழைய வஸ்திரம் ஒன்றைத் தங்கை ராஜ்யஸ்ரீயிடம் கேட்டு வாங்கிக்கொண்டாராம். ரத்னாவளி, பிரியதர்சிகா, நாகானந்தம் என்ற மூன்று சமஸ்கிருத நாடகங்களும் அவர் பெயரில் உள்ளன.

647-இல் அவர் காலமானார். வாரிசு இல்லை. நாற்பத்தோரு ஆண்டுகள் கட்டிக் காத்த சாம்ராஜ்யம் சில நாட்களிலேயே மந்திரி ஒருவன் கைக்குப் போய், பிறகு சிதறியது. பூமி முழுவதும் தம் முத்திரைக்கு அடங்கும் என்று அவர் எடுத்துக்கொண்ட சகுனம் நிலைக்கவில்லை. நிலைத்தது அவர் கையெழுத்து மட்டுமே.

நம்மில் பலர் வீட்டுப் பரணில் பூர்வீக பத்திரங்களும் தாத்தா எழுதிய கணக்குகளும் தூசு படிந்து கிடக்கும். அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போகும்போது அவற்றை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். யார் கொடுத்தார்கள், யாருக்காகக் கொடுத்தார்கள், நாம் அனுபவிப்பது நேர்மையாக வந்ததுதானா என்று குழந்தைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள். வாமரத்யன் பெயரும் பாலசந்திரர் பெயரும் ஒரே விதமான செம்பில்தான் பொறிக்கப்பட்டன. எந்தப் பெயராக நிற்கப் போகிறோம் என்பதுதான் நாம் யோசிக்கவேண்டியது.