நாலாவது கியரில் லூயி ரெனோ

செகண்ட் ஹேண்டில் ஒரு ஜிப்சி பார்க்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கூட வரும் மெக்கானிக் அண்ணன் பெயிண்டையோ சீட் கவரையோ பெரிசா கண்டுக்க மாட்டார். கண்ணாடியை இறக்கிவிட்டு, ஒவ்வொரு கியராகப் போட்டு ஓட்டிப் பார்ப்பார். ஒன்று, இரண்டு, மூன்றில் 'உய்ய்'னு ஒரு இரைச்சல். நாலாவது விழுந்ததும் இரைச்சல் அடங்குகிறது. அவருக்கு அது போதும். லே ஷாஃப்ட் பக்கம் பேரிங்கோ பல்லோ தேய்ந்திருக்கலாம் என்று கணக்குப் போட்டு, விலையைக் குறைக்கச் சொல்லிப் பேச்சை ஆரம்பித்துவிடுவார்.

நாலாவதில் மட்டும் சத்தம் ஏன் அடங்குது? அதுக்குப் பதில் தேடினால் 1898-ஆம் ஆண்டு பாரிஸுக்குப் போகணும். அங்கே 21 வயசுப் பையன் ஒருத்தன் தோட்டத்துக் கொட்டகையில் கையெல்லாம் கிரீஸோடு நிற்கிறான். பெயர் லூயி ரெனோ. நாம ரெனால்ட் என்று எழுத்துக்கூட்டிப் படிக்கிற அதே பெயர்தான்.

லூயி பிறந்தது 1877 பிப்ரவரி 12-ல். அப்பா துணி, பட்டன் வியாபாரத்தில் நல்லா சம்பாதித்தவர். பையனுக்குக் கடையும் பிடிக்கவில்லை, படிப்பும் ஏறவில்லை. பாரிஸின் பெரிய பொறியியல் கல்லூரியான எகோல் சென்ட்ராலில் இடம் கிடைக்கவில்லை. அரியர் வைத்திருக்கும் நண்பர்கள் ரொம்ப சந்தோஷப்பட வேண்டாம், மீதிக் கதையையும் படியுங்கள்.

பியங்கூரில் குடும்பத்துக்கு ஒரு வீடு இருந்தது. அதன் தோட்டத்துக் கொட்டகைதான் லூயியின் ஒர்க்‌ஷாப். கையில் இருந்தது டி டியோன்-பூட்டோன் கம்பெனியின் மூன்று சக்கர வண்டி, ஒற்றை சிலிண்டர் இன்ஜின். அதைப் பிரித்து நாலு சக்கர வண்டியாக மாற்றினான். அப்போதைய பல கார்களில் இன்ஜின் சக்தி எந்த கியரிலும் பற்சக்கரங்கள் வழியாகவே போய், பிறகு செயின் மூலமாகப் பின்சக்கரத்துக்குச் சேரும். பல்லோடு பல் உரசும் ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் சக்தி சூடாகவும் சத்தமாகவும் வீணாகும். சின்ன இன்ஜின் அந்த நஷ்டத்தைத் தாங்காது.

லூயி செயினைத் தூக்கிவிட்டு, பின் ஆக்ஸிலுக்கு ஒரு ஷாஃப்ட் கொடுத்தார். கியர் பாக்ஸில் முன்னே போக மூன்று கியர், ரிவர்ஸ் ஒன்று. முதல் இரண்டில் சக்தி பக்கத்தில் இருக்கும் லே ஷாஃப்டுக்கு இறங்கி, திரும்ப ஏறி வரும். மூன்றாவதில் உள்ளே வரும் ஷாஃப்டும் வெளியே போகும் ஷாஃப்டும் ஒரே நேர்க்கோட்டில் நேரடியாகப் பூட்டிக்கொள்ளும். இடையில் எந்தப் பல்லும் சுமை தாங்காது. இன்ஜின் ஒரு சுற்று, ஷாஃப்டும் ஒரு சுற்று. டைரக்ட் டிரைவ் என்று நம்ம புத்தகத்தில் இரண்டு மார்க்குக்கு வருமே, அதேதான். ஜிப்சியில் அது நாலாவது கியர். லே ஷாஃப்ட் அப்போதும் சுற்றும், ஆனால் சுமை இல்லாமல். அதனால்தான் இரைச்சல் அடங்குது.

1898 டிசம்பர் 24, கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி. நண்பர்களோடு பந்தயம் கட்டி, மோன்மார்த்ர் குன்றில் இருக்கும் லெபிக் தெருவில் வண்டியை ஏற்றிக் காட்டினார். 100 மீட்டருக்கு 13 மீட்டர் ஏறும் சரிவு அது. அன்றைக்கே 12 வண்டிகளுக்கு ஆர்டர் வந்தது. 1899 பிப்ரவரியில் காப்புரிமைக்கு மனு போட்டார். அண்ணன்கள் மார்செல், ஃபெர்னான் இருவரும் சேர, கம்பெனி பிறந்தது. மற்ற கம்பெனிகள் இந்த அமைப்பைக் காப்பியடித்தபோது வழக்குப் போட்டு ஜெயித்து, ராயல்டியும் வாங்கினார்.

பிறகு வாழ்க்கை டாப் கியரில் ஓடியது, ஆனால் வழியெல்லாம் அடி. 1903 பாரிஸ்-மாட்ரிட் பந்தயத்தில் மார்செல் விபத்தில் சிக்கி இறந்தார். அதே பந்தயத்தில் ஓட்டிக்கொண்டிருந்த லூயி அதன்பின் பந்தயத்தில் ஓட்டவே இல்லை. 1909-ல் ஃபெர்னானும் போனார். கம்பெனி முழுக்க ஒரே ஆளின் கையில். 1914 செப்டம்பரில் மார்ன் போர்முனைக்கு வீரர்களை ஏற்றிப்போன சுமார் 600 பாரிஸ் டாக்ஸிகளில் பெரும்பாலானவை ரெனோ வண்டிகள். போரின் கடைசியில் அவரது தொழிற்சாலை செய்த எஃப்.டி. டாங்கி, சுழலும் பீரங்கிக் கூண்டோடு இன்றைய டாங்கிகளுக்கே முன்மாதிரி ஆனது.

இன்னொரு பக்கமும் உண்டு. அமெரிக்கா போய் ஃபோர்டு தொழிற்சாலையைப் பார்த்து வந்தவர், தொழிலாளியின் ஒவ்வொரு அசைவையும் கடிகாரம் வைத்து அளக்கும் முறையைக் கொண்டுவந்தார். 1912, 1913-ல் வேலைநிறுத்தம் வெடித்தது. பற்சக்கரத்தில் வீணாகும் சக்தியைக் குறைத்த அதே மூளை, மனிதனையும் பற்சக்கரமாகவே பார்த்தது.

1940-ல் ஜெர்மானியர் பாரிஸைப் பிடித்தார்கள். பியங்கூர் தொழிற்சாலை அவர்கள் கட்டுப்பாட்டில் ஆயிரக்கணக்கான லாரிகளைச் செய்து கொடுத்தது. அதற்காகவே 1942 மார்ச்சில் பிரிட்டிஷ் விமானங்கள் குண்டு போட்டன. சுற்றுவட்டார மக்கள் நூற்றுக்கணக்கில் செத்தார்கள். உற்பத்தி நின்றிருந்தால் எந்திரங்களையும் ஆட்களையும் ஜெர்மனிக்கே கொண்டுபோயிருப்பார்கள் என்பது அவர் தரப்பு வாதம். பாரிஸ் விடுதலையானதும், 1944 செப்டம்பரில் கைது செய்தார்கள். ஏற்கெனவே பேச்சே சரியாக வராத நோயாளி. அக்டோபர் 24-ல், விசாரணை நடக்கும் முன்பே இறந்தார். எப்படி இறந்தார் என்பதில் குடும்பத்துக்கு இன்றைக்கும் சந்தேகம் உண்டு. 1945 ஜனவரியில் கம்பெனியை அரசு எடுத்துக்கொண்டது.

இதில் ஒரு வேடிக்கை. நம்ம ஒரகடத்தில் தயாரான ரெனோ டஸ்டரை நீங்க செகண்ட் ஹேண்டில் வாங்கினால், முன்சக்கர இழுவை வண்டி என்பதால் அந்த மேனுவல் கியர் பாக்ஸில் டைரக்ட் டிரைவே கிடையாது. எந்த கியரிலும் சக்தி ஒரு ஜோடிப் பல் வழியாகத்தான் போகும். அவர் பெயர் இருக்கும் வண்டியில் அவர் கண்டுபிடிப்பு இல்லை. பழைய ஜிப்சியில் இருக்கு.

இரண்டு வருஷத்தில் நாமும் ஏதோ ஒரு தொழிற்சாலையில் டிசைன் டேபிளில் உட்காருவோம். எவ்வளவு சக்தி வீணாகுது என்று கணக்குப் போட நமக்குக் கற்றுக்கொடுத்திருக்காங்க. செய்கிற வண்டி யாருக்குப் போகுது என்ற கேள்வி எந்த செமஸ்டரிலும் வராது. அதை நாமளேதான் கேட்டுக்கணும். லூயி ரெனோ அதைச் சரியான நேரத்தில் கேட்ட மாதிரி தெரியவில்லை.