றொஸ்ஸும் துருவேறிய நுணுக்குக்காட்டியும்

அக்கராயன் குளத்து நீரை நம்பி வாழும் எம்மூரவர்க்கு மலேரியா புதிய சொல்லன்று. யான் சிறுவனாயிருந்த காலத்தில், காய்ச்சற்காரரின் விரல்நுனியைக் குத்தி ஒரு துளிக் குருதியைக் கண்ணாடி வழுக்கியிற் பூசிச் செல்வார்கள். அத்துளி நுணுக்குக்காட்டியின்கீழ் வைக்கப்பட்ட பின்னரே நோயின் பெயர் உறுதியாகும். 2016 இல் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனத்தின் சான்று பெற்றது. அந்நெடுவழியின் தொடக்கத்தில் நிற்பவருள் ஒருவர் சேர் றொனால்ட் றொஸ்.

அவர் 1857 மே 13 இல், இமயச் சாரலிலுள்ள அல்மோராவிற் பிறந்தார். தந்தையார் படை அதிகாரி. கவிதையும் இசையும் கணிதமுமே இளைஞரின் உள்ளத்தைக் கவர்ந்தன. மருத்துவமோ தந்தையாரின் விருப்பம். 1881 இல் இந்திய மருத்துவப் பணியிற் சேர்ந்தார். இடையே நாவலும் எழுதினார். ஆதலின் இலக்கிய அன்பர்கள் அவரை நம்மவரென உரிமை பாராட்டினும் பிழையில்லை.

பிரெஞ்சு மருத்துவர் லவரான் 1880 இல் அல்ஜீரியாவில் மலேரியாக் கிருமியைக் குருதியிற் கண்டிருந்தார். றொஸ்ஸும் தேடினார், காணவில்லை. காணாமையால் அக்கண்டுபிடிப்பையே ஐயுற்று எழுதினார். 1894 இல் இலண்டனில் பற்றிக் மான்சன் என்னும் மருத்துவர் அக்கிருமியை அவர் கண்ணுக்குக் காட்டினார். அதுவரை குறைபட்டிருந்தது கருவியன்று, பார்க்கும் பயிற்சியே. நுளம்பே நோயைச் சுமக்கிறது என்னும் எண்ணத்தையும் மான்சனே அவருள் விதைத்தார்.

கூட்டு நுணுக்குக்காட்டியிற் பொருளை அடுத்திருப்பது பொருள்வில்லை. கண்ணை அடுத்திருப்பது பார்வைத்துண்டு. முன்னது ஆக்கும் பெரிய விம்பத்தைப் பின்னது மேலும் பெரிதாக்கும். உயர்வலு வில்லை வழுக்கியை ஏறத்தாழத் தொட்டு நிற்பதால், திருகைச் சிறிது மிகத் திருப்பினும் வில்லை மோதிக் கீறுபடும். எனவே பக்கவாட்டிற் பார்த்தபடி வில்லையைத் தாழ்த்தி, பின்னர் கண்ணை வைத்து மெல்ல உயர்த்திக் குவிப்பதே முறை.

1897 ஆகஸ்டில் செகந்தராபாத்தில் றொஸ்ஸுக்கு வாய்த்த கருவியின் நிலை இரங்கத்தக்கது. நெற்றி வியர்வையும் கைவியர்வையும் பட்டுத் திருகுகள் துருவேறின. எஞ்சியிருந்த ஒரே பார்வைத்துண்டும் வெடித்திருந்தது. அறுத்த நுளம்பு பறந்துவிடுமென விசிறியும் கூடாது. ஈராண்டுகளாக வேறுவகை நுளம்புகளை வீணே அறுத்தவர், சிறகிற் புள்ளியுடைய அனோபிலிசு வகையை ஹுசேன் கான் என்னும் நோயாளியைக் கடிக்கச் செய்தார். கடித்த நுளம்பொன்றுக்கு ஓரணா கூலி. ஆகஸ்ட் 20 அன்று அவற்றுள் ஒன்றின் இரைப்பைச் சுவரிற் கருநிறமணிகள் கொண்ட உயிரணுக்கள் தென்பட்டன. மறுநாள் அறுத்த மற்றொன்றில் அவை மேலும் பருத்திருந்தன. அந்த வெடித்த துண்டும் உடைந்து போயிருப்பின் எத்துணைக் காலம் தாழ்ந்திருக்குமோ!

யான் முன்னர் கற்பித்த பாடசாலை ஒன்றில், மாரி முழுதும் பெட்டியிற் பூட்டப்பட்டிருந்த நுணுக்குக்காட்டியின் வில்லையிற் பூஞ்சணம் படர்ந்து, வழுக்கி முழுதும் பனிமூட்டமாகத் தெரிந்ததுண்டு. பூட்டி வைப்பதே பேணுதல் என்று எண்ணியதன் பயன் அது. வில்லையை அதற்குரிய மென்தாளாலன்றிக் கைக்குட்டையாலோ சேலைத் தலைப்பாலோ துடைத்தலாகாது. எண்ணெய் இட்டுப் பார்த்தபின் அதனை அன்றே ஒற்றியெடுத்தல் வேண்டும். கருவியைத் தூக்கும்போது ஒரு கை அதன் புயத்தைப் பற்ற, மறுகை அடியைத் தாங்கவேண்டும்.

பின்பு மனித மலேரியா அரிதான இடத்திற்கு மாற்றப்பட்ட றொஸ், 1898 இல் கல்கத்தாவிற் பறவைகளை வைத்து ஆய்வைத் தொடர்ந்தார். கிருமி நுளம்பின் உமிழ்நீர்ச் சுரப்பியை அடைந்து, கடியின் வழியே பறவைக்குள் புகுதலைக் கண்டார். மனித மலேரியாவை அனோபிலிசு பரப்புதலை இத்தாலியரான கிராசி முதலியோர் அதேயாண்டில் நிறுவினர். இருவர்க்குமிடையே எழுந்த கசப்பு நெடிது நீண்டது. றொஸ்ஸின் பெருமைக்கு அது அழகு சேர்க்கவில்லை என்பதே என் கருத்து. 1902 இல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

1932 செப்டம்பர் 16 இல் அவர் இலண்டனில் மறைந்தார். ஈராண்டு கழித்து, 1934 இறுதியில், இலங்கையிற் பரவத் தொடங்கிய மலேரியாக் கொள்ளைநோய் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுபோயிற்று. செகந்தராபாத்தில் அந்த நுளம்பு அறுக்கப்பட்டு அப்போது 37 ஆண்டுகள் ஆகியிருந்தன.