மண்ணுக்குள் மின்சாரம் அனுப்பிய பேராசிரியர்

நிலத்தடியில் எண்ணெய், ஏரித் தண்ணீர்போல் தேங்கி நிற்கிறது என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். உண்மை அதுவன்று. நுண்துளைகள் நிறைந்த பாறைக்குள், பஞ்சில் நீர் ஊறியிருப்பதுபோல் அது ஊறிக் கிடக்கிறது. பல களங்களில் மேலே எரிவாயு, நடுவே எண்ணெய், அடியில் உப்புநீர் என்று அடுக்காக அமைந்திருக்கும். அவற்றின் எல்லை எந்த ஆழத்தில் உள்ளது? கண்ணால் காண இயலாத அதைக் கருவியால் அறிய வழிவகுத்தவர் கான்ராட் ஷ்லம்பர்ஜர்.

அவர் 1878-ஆம் ஆண்டு, அன்று ஜெர்மனியின் ஆட்சியிலிருந்த அல்சேஸ் பகுதியில், துணித்தொழில் நடத்திய குடும்பத்தில் பிறந்தார். பாரிசில் பயின்று, 1907-இல் அங்குள்ள சுரங்கக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியரானார். கல்லூரியின் அடித்தள அறையில், குளியல் தொட்டியில் மணலை நிரப்பி, மின்சாரம் அதனூடே எவ்வாறு பரவுகிறது என்று அளந்தார். 1912-இல் நார்மண்டியின் திறந்த வெளியில் அச்சோதனையைத் தொடர்ந்தார். முதல் உலகப்போர் அவ்வேலையைத் தடுத்தது. போர் முடிந்தபின், 1919-இல், தந்தை பால் பொருளுதவி செய்ய முன்வந்தார். வருவாயைவிட ஆராய்ச்சிக்கே முதலிடம் தரவேண்டும் என்பது அவர் விதித்த நிபந்தனை. தம்பி மார்செலும் அண்ணனுக்குத் துணைநின்றார்.

1927 செப்டம்பர் 5 அன்று, அல்சேசின் பெக்கெல்பிரான் எண்ணெய்க் களத்தில், கான்ராடின் மருமகன் ஹென்றி டாலின் குழுவினர் ஒரு கிணற்றுக்குள் கருவியை இறக்கினர். மீட்டருக்கு மீட்டர் நிறுத்தி, பாறையின் மின்தடையை அளந்து, கையாலேயே வரைபடமாக்கினர். உப்புநீர் மின்சாரத்தை எளிதில் கடத்தும், எண்ணெய் கடத்தாது. எனவே நுண்துளைப் பாறையில் மின்தடை சட்டென்று குறையும் ஆழம், நீர் தொடங்கும் எல்லையைச் சுட்டுகிறது. இறுகிய பாறையும் மிகுந்த மின்தடை காட்டுமாதலால், ஒரே அளவையை நம்பி முடிவுகட்டலாகாது. பக்கத்துக் கிணறுகளின் வரைபடங்களை அருகருகே வைத்தால், எந்தப் பாறையடுக்கு எதுவரை தொடர்கிறது என்பதும் புலப்படும்.

1936-இல், சோவியத் நாட்டுப் பயணத்திலிருந்து திரும்பும் வழியில், ஸ்டாக்ஹோமில் அவர் மறைந்தார். கரை கண்ணுக்குத் தெரியாத கடற்பரப்பில் முதல் எண்ணெய்க் கிணறு, மெக்சிகோ வளைகுடாவில், 1947-இல்தான் தோண்டப்பட்டது. அதை அவர் காணவில்லை. ஆயினும் அவர் கலைக்கு மிகுந்த தேவை கடலில்தான். அங்கே கிணறுகள் சில. ஒவ்வொன்றுக்கும் செலவோ பல கோடி. ஒரு கிணற்றில் எண்ணெய்க்கும் நீருக்கும் எல்லை 1,800 மீட்டரிலும், அடுத்ததில் 1,830 மீட்டரிலும் இருப்பதாகக் கொள்வோம். இடையே பாறைப் பிளவு அடைத்து நிற்கலாம். அல்லது அடியில் ஓடும் நீரால் எல்லையே சாய்ந்திருக்கலாம். எல்லை ஒத்திருந்தாலும் இரண்டும் ஒரே தேக்கம் என்று உறுதியாகிவிடாது. திரவ அழுத்தத்தையும் அளந்து ஒப்பிடவேண்டும். தவறாகக் கணித்தால் எண்ணெய் அடியிலேயே தங்கிவிடும். புதுக்கிணறு நீரில் போய் முடியும்.

நண்பர்களே! குளியல் தொட்டியும் மணலும் நம் கல்லூரிக்கு எட்டாதவை அல்ல. கண்ணுக்குத் தெரியாததை அளந்தறிய முடியும் என்ற நம்பிக்கையும், கிடைத்த அளவையை உடனே நம்பிவிடாத நிதானமும் இருந்தால் போதும். நம் ஆய்வுக்கூடத்திலும் அத்தகைய தொடக்கம் நிகழலாம்.