ஸர் ஞான சந்திர கோஷ்

ஒரு துறையிற் பெற்ற புகழ் குன்றியவுடன் தாமும் ஊக்கங் குன்றிவிடுவோர் உலகிற் பலர். குன்றிய இடத்தினின்றே வேறொரு பணியைத் தொடங்கி நாட்டுக்கு நற்பயன் விளைப்போர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர் ரசாயன அறிஞர் ஸர் ஞான சந்திர கோஷ்.

இவர் 1894-ஆம் ஆண்டில் வங்கக் குடும்பமொன்றிற் பிறந்தார். கல்கத்தா பிரஸிடென்ஸி கல்லூரியில் ஆசார்ய பிரபுல்ல சந்திர ராயிடம் பயின்றார். மேகநாத் ஸாகாவும் சத்யேந்திரநாத் போஸும் இவருடைய உடன்மாணவர். உப்புக் கரைசல்களின் இயல்பைப் பற்றி 1918-ல் இவர் வெளியிட்ட கொள்கை மேனாட்டறிஞரையும் வியக்கச் செய்தது. எனினும் 1923-ல் டெபை, ஹுக்கெல் என்னும் இருவர் அதனினும் பொருத்தமான கொள்கையை நிறுவவே, இளமையில் இவருக்குப் புகழ் தந்த கொள்கை பின்தங்கியது. ஆயினும் கோஷ் ஆராய்ச்சியைக் கைவிட்டாரல்லர். 1921 முதல் டாக்கா சர்வகலாசாலையில் மாணவரைப் பயிற்றிய பணியையும் விடாது செய்துவந்தார்.

1939-ல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் தலைமையை இவர் ஏற்றார். அவ்வாண்டே உலகப்போரும் மூண்டது. எண்ணெய் வளம் குறைந்த நம் நாட்டில் நிலக்கரியினின்று எண்ணெய் ஆக்கும் வழியை இவரும் இவர் மாணவரும் ஆராய்ந்தனர். பழுக்கக் காய்ந்த கரியின்மீது நீராவியைச் செலுத்தின், கார்பன் மோனாக்ஸைடும் ஹைட்ரஜனும் கலந்த வாயு உண்டாகும். அதனைக் கோபால்ட்டு, இரும்பு முதலிய உலோகத் துகள்களின்மேற் செலுத்தின் எண்ணெய் பிறக்கும். தாம் செலவாகாமல் பிறபொருள்களின் வினையை விரைவிக்கும் இத்துகள்களையே வினையூக்கி என்பர். ஜெர்மனியில் பிஷர், டிராப்ஷ் என்போர் கண்ட முறை இது. அத்துகள்களின் பரப்பில் வாயுக்கள் எங்ஙனம் பற்றுகின்றன என்பதைக் கோஷ் குழுவினர் நுணுகி அளந்தனர்.

பின்னர்க் கரக்பூரில் எழுந்த முதல் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துக்கு இவரே முதல் இயக்குநராயினார். திட்டக் குழுவின் உறுப்பினராயிருக்கையில் 1959-ல் மறைந்தார்.

அவ்வாண்டிலேயே, நாம் தாம்பரத்தினின்று ரயிலிற் கடந்து செல்லும் கிண்டிக்கருகே சென்னைத் தொழில்நுட்பக் கழகம் தோன்றியது. கோஷுடன் பெங்களூரில் உழைத்த எம். வி. சி. சாஸ்திரியார் வினையூக்கி ஆராய்ச்சியை அங்கு வளர்த்தார். 2006-ல் அக்கழகத்தில் தேசிய வினையூக்கி ஆராய்ச்சி மையமும் அமைந்தது. கரும்புச் சக்கை, உமி முதலியவற்றினின்றும் முற்கூறிய வாயுவைப் பெறலாம். ஆதலால், தோண்டத் தோண்டக் குறையும் கரியை விடுத்து, ஆண்டுதோறும் விளையும் பொருளினின்று எரிபொருள் ஆக்கவும் இவ்வாராய்ச்சி துணைபுரிகின்றது.

இறைவன் அளித்த தாலந்தைப் புதைத்துவையாது பெருக்கியவர் கோஷ். ஒரு முயற்சியின் புகழ் மங்கியதும் உளஞ்சோரும் நம்போன்ற மாணவர்க்கு இப்பெரியாரின் வாழ்வு நல்வழி காட்டுவதாகும்.