டாம் கில்பர்ன்: 1024 பிட்டில் ஆரம்பித்தவர்

8 ஜிபி ரேம் இருக்கிற லேப்டாப்பில் 12 ஜிபி தரவை மொத்தமாக மெமரியில் ஏற்றிப் பார்த்திருக்கீங்களா? பெரும்பாலும் நிரல் உடனே சாகாது. ஆமை மாதிரி ஊர்ந்துகொண்டு ஓடும், மவுஸ்கூட நகர அடம்பிடிக்கும். ஆனாலும் ஓடுதே, எப்படி? அந்த வித்தையை ஓடும் எந்திரமாக முதலில் செய்து காட்டிய குழுவின் தலைவர் டாம் கில்பர்ன்.

1921-இல் இங்கிலாந்தின் டியூஸ்பரியில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தார். போர்க்காலத்தில் ரேடார் ஆய்வுக்கூடத்தில் ஃபிரெடி வில்லியம்ஸிடம் வேலை. போர் முடிந்ததும் அவரோடு மான்செஸ்டர் பல்கலைக்கழகம். டிவி பிக்சர் டியூப் மாதிரியான ஒரு குழாயின் திரையில், மின்னூட்டப் புள்ளிகளாக பிட்களைச் சேமிக்க முயன்றார்கள். புள்ளி சட்டென்று அழிந்துவிடும்; அதனால் படித்துப் படித்துத் திரும்ப எழுதிக்கொண்டே இருக்கணும். (நம்ம டிராம் ரிஃப்ரெஷும் இதே கதைதான்.) இந்த நினைவகம் தாங்குமா என்று சோதிக்கக் கட்டியதுதான் ‘பேபி’ கணினி. மொத்த நினைவகமே 1024 பிட். 1948 ஜூன் 21 அன்று கில்பர்ன் எழுதிய 17 கட்டளை நிரல் அதில் 52 நிமிடம் ஓடிச் சரியான விடை தந்தது.

அதன்பின் வந்த கணினிகளில் வேகமான சிறிய நினைவகம் ஒன்று, மெதுவான பெரிய காந்த உருளை ஒன்று. எதை எப்போது உள்ளே கொண்டுவரணும் என்று நிரல் எழுதுபவரே மண்டையை உடைத்துக்கொள்ளணும். பாதி உழைப்பு அதிலேயே போச்சு.

1962 டிசம்பரில் தொடங்கிவைக்கப்பட்ட அட்லஸ் கணினியில் கில்பர்ன் குழு இந்தச் சுமையை எந்திரத்தின் தலையில் வைத்தது. உள்ளே 16,384 சொற்கள், உருளையில் 98,304. நிரலுக்கோ எல்லாம் ஒரே நினைவகமாகத் தெரியும். 512 சொற்கள் ஒரு பேஜ். உள்ளே 32 பேஜுக்கு இடம், ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவரிப் பதிவேடு. கேட்ட பேஜ் அந்த 32-இல் இல்லையா? நிரல் நிற்கும், உருளையிலிருந்து பேஜ் வரும். வருகிற பேஜ் காத்திருக்கக் கூடாது என்று ஓர் இடத்தை எப்போதும் காலியாக வைத்திருந்தார்கள், பாருங்க! எதை வெளியே அனுப்புவது? ஒவ்வொரு பேஜும் எவ்வளவு நேரம் சும்மா கிடந்தது என்று கணக்கு வைத்து, இனி ரொம்ப நேரம் தேவைப்படாததை ஊகிக்கும் நிரல் ஒன்று எழுதினார்கள். ஓஎஸ் பாடத்தில் நீங்க கட்டம் போட்டு எழுதுற பேஜ் ரீப்ளேஸ்மென்ட் கணக்கு அங்கேயே தொடங்கிடுச்சு.

ஆனா ஒண்ணு: உள்நினைவகம் 2 மைக்ரோசெகண்டில் பதில் சொல்லும், உருளை ஒரு சுற்றுச் சுற்றவே 12 மில்லிசெகண்ட். இந்த இடைவெளியை வித்தை மறைக்கும், அழிக்காது. இன்றைக்கும் 12 ஜிபி முழுக்கச் சிதறிக் கிடக்கிற லிங்க்டு லிஸ்டில் நடந்தா, அடிக்கு ஒரு பேஜ் டிஸ்கிலிருந்து வரலாம். அதே தரவை வரிசையான அர்ரேயாக வைத்துத் துண்டு துண்டாகப் படிங்க, லேப்டாப் மூச்சு விடும்.

1964-இல் மான்செஸ்டரில் கணினி அறிவியல் துறையைத் தொடங்கினார், 1981-இல் ஓய்வு பெற்றார், 2001 ஜனவரியில் காலமானார். அதற்கு இரண்டரை வருஷம் முன், பேபியின் ஐம்பதாவது ஆண்டுக்காக அதே மாதிரி ஒன்றைத் திரும்பக் கட்டியிருந்தார்கள். 76 வயதில் வந்து பார்த்தார். அதிலும் அதே 1024 பிட்தான்.