ஆர்வில் ரைட்டும் முதல் விமான விபத்தும்

ஆகாய விமானத்தைச் செய்து பறந்து காட்டிய ரைட் சகோதரர்களின் பெயரை அறியாதார் இலர். அவ்விருவரில் இளையவரான ஆர்வில் ஓட்டிய விமானத்திலேதான் முதன்முதல் ஒரு பிரயாணி உயிரிழந்தார் என்பதும், அம்மரணத்தின் காரணத்தை அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தவாறே ஆராய்ந்தறிந்தார் என்பதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அவருடைய சரித்திரத்தில் நாம் பெரிதாக மதிப்பது இந்தப் பகுதியையே.

அமெரிக்காவில் ஒஹையோ மாகாணத்து டேட்டன் நகரில் 1871-ம் வருஷம் ஆகஸ்டு 19-ந் தேதி ஆர்வில் பிறந்தார். தந்தை கிறிஸ்தவ சபையொன்றின் பிஷப். சர்வகலாசாலைப் பட்டம் எதுவும் அவர் பெறவில்லை. இளமையில் அச்சுக்கூடம் வைத்துப் பத்திரிகை நடத்தினார். அத்தொழிலில் அவர் நிலைத்துவிடாதது உலகத்தின் பாக்கியம் என்றே சொல்ல வேண்டும். 1892-ல் தமையனார் வில்பருடன் சைக்கிள் கடை வைத்தார். 1896-ல் ஜெர்மனியில் லிலியெந்தால் என்பவர் எஞ்சினில்லாத விமானத்திலிருந்து விழுந்து மாண்ட செய்தி, பறக்கும் யந்திரத்தை எப்படி வசப்படுத்துவது என்ற சிந்தனையைச் சகோதரர்களுக்கு மூட்டியது. 1903 டிசம்பர் 17-ந் தேதி கிட்டி ஹாக் மணற்பரப்பில் ஆர்வில் 12 வினாடி பறந்தார்.

1908-ல் அமெரிக்க சேனை, இரண்டு பேரைத் தாங்கிப் பறக்கும் யந்திரம் வேண்டுமென்று கேட்டது. வில்பர் பிரான்சில் பறந்து காட்டிக்கொண்டிருந்தமையால், வாஷிங்டன் நகருக்கு அடுத்த போர்ட் மையர் மைதானத்தில் ஆர்வில் மட்டும் பரீட்சைக்கு நின்றார். செப்டம்பர் 17-ந் தேதி அவருடன் ஏறியவர் லெப்டினண்ட் தாமஸ் செல்பிரிட்ஜ்; வயது 26. இவர் டெலிபோன் கண்டுபிடித்த கிரகாம் பெல்லின் விமான ஆராய்ச்சிக் கூட்டத்தைச் சேர்ந்தவர். ஆகவே, தம் ரகசியங்களை அறிய வந்தவரோ என்று ஆர்வில் அவர்மீது ஐயங்கொண்டிருந்தார். இதை நாம் மறைப்பானேன்? மேலே வருவதை எடைபோட இது வேண்டியிருக்கிறது.

மைதானத்தைச் சில முறை சுற்றியபின், பின்புறத்தில் இலேசாகத் தட்டுவது போன்ற ஓசை கேட்டது. திரும்பிப் பார்த்த ஆர்வில் ஒன்றும் காணவில்லை. அடுத்து இரண்டு பேரிடிகள், யந்திரம் நடுங்கிற்று. எஞ்சினை நிறுத்தி இறங்க முயன்றார். விமானம் தலைகீழாகப் பாய்ந்தது. தரைக்கு 25 அடி உயரத்தில் நிமிரத் தொடங்கிற்று. ஆனால் இடம் போதவில்லை. மண்டை உடைந்த செல்பிரிட்ஜ் நினைவு திரும்பாமல் அன்றிரவே காலமானார். ஆர்விலுக்கு இடது தொடை எலும்பும் விலா எலும்புகளும் முறிந்தன.

சகோதரி காதரின் உபாத்தியாயினி வேலையை விட்டு ஓடிவந்து பணிவிடை செய்தார். யந்திரக் கைவேலைக்காரர்களாகிய டெய்லரும் பர்னஸும் உடைந்த துண்டுகளைக் கட்டிலண்டை கொண்டுவந்து காட்டினர். செத்தவர் பேச மாட்டார். அவர் கை பட்டுக் கம்பி தவறியது என்று சொல்லிவிடுவது எளிது. அதிலும், முன்னரே ஐயத்துக்குள்ளானவர்! ஆர்வில் அவ்வழியே போகவில்லை. தாமும் தமையனாரும் செய்த யந்திரத்திலேயே குற்றத்தைத் தேடினார்.

அவர் கண்ட முடிவு இது. அப்பொழுதுதான் புதிதாக மாட்டப்பட்ட நீண்ட சுழல் விசிறிகளில், வலப்புறத்து விசிறியின் ஓர் இதழ் நெடுக்குவாட்டில் வெடித்தது. வெடித்த இதழ் தட்டையாகிக் காற்றைத் தள்ளும் வலிமை இழந்தது. மற்ற இதழ் மட்டும் தள்ளவே, விசிறியின் அச்சு அதிர்ந்தது. அதிர்ச்சியில் அச்சைப் பிடித்திருந்த கம்பி தளர்ந்தது. விசிறி தன் இடம் விட்டு அசைந்து, வால் சுக்கானை நிறுத்தியிருந்த கம்பியை அடித்து அறுத்தது. நின்றிருக்க வேண்டிய சுக்கான் படுத்துவிட்டது. அதன் அடியில் காற்று மோதிப் பின்புறத்தைத் தூக்க, முன்புறம் தரையை நோக்கிப் பாய்ந்தது. ஒரு மரத்துண்டின் வெடிப்பு ஓர் உயிரைக் கொண்டுபோயிற்று.

சேனையின் குழுவும் விசாரித்தது. விசிறி உடைந்தது தற்செயல், கட்டுப்பாடு இழந்தது தவிர்க்க முடியாதது என்பது அதன் தீர்ப்பு. குற்றமற்றவர் என்று பெயரெடுக்க விரும்புவோருக்கு அத்தீர்ப்பே போதும். ஆர்விலோ எது முந்தி, எது பிந்தி என்று வரிசைப்படுத்தாமல் ஓயவில்லை.

1909 ஜூலையில் அவர் அதே மைதானத்துக்குத் திரும்பி வந்தார். 27-ந் தேதி ஒரு சேனாதிகாரியை ஏற்றிக்கொண்டு 1 மணி 12 நிமிஷம் பறந்தார். 30-ந் தேதி மற்றோர் அதிகாரியுடன் போக வர மொத்தம் 10 மைல் பறந்தார். சேனை 30,000 டாலர் கொடுத்து விமானத்தை வாங்கிற்று.

1912-ல் வில்பர் விஷ ஜுரத்தால் இறந்தார். 1918-க்குப் பிறகு ஆர்வில் விமானம் ஓட்டவில்லை. விபத்து நடந்து 12 வருஷங்களுக்குப் பின் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோதுதான், இடுப்பெலும்பில் மூன்று முறிவுகள் டாக்டர்கள் கண்ணுக்குத் தப்பியிருந்தது தெரிந்தது. யந்திரத்தின் முறிவைக் கண்டுபிடித்தவரின் சொந்த முறிவுகளை ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை!

1948 ஜனவரி 30-ந் தேதி, தம் 76-வது வயதில் ஆர்வில் மறைந்தார். மகாத்மாவை இழந்து நம் தேசம் கதறிய தினமும் அதுவே.