மிசௌரி உழவர் மகன்

அரசியலும் வரலாறும் பயிலும் நண்பர்கள் ட்ரூமன் கொள்கையைத் தேர்வுக்கு முதல் நாள் இரவில் மூன்று வரிகளாக மனப்பாடம் செய்வது வழக்கம். 1947-இல் அறிவிக்கப்பட்டது, கிரீஸுக்கும் துருக்கிக்கும் உதவி அளித்தது, பொதுவுடைமை பரவாமல் தடுப்பது அதன் நோக்கம். விடுதியில் நானும் அப்படித்தான் படித்தேன், மதிப்பெண்ணும் கிடைத்தது. ஆயின் அக்கொள்கைக்குத் தம் பெயரைத் தந்த மனிதர் எத்தகையவர், அவர் எந்த நெருக்கடியில் எதனைக் கண்டு அஞ்சி அம்முடிவுக்கு வந்தார் என்பன அம்மூன்று வரிகளில் இல்லை. பின்னர் நூலகத்தில் தேடிப் படித்தபோதுதான், நான் எழுதிய விடை எவ்வளவு வறியது என்பது விளங்கிற்று.

ஹாரி ட்ரூமன் 1884-ஆம் ஆண்டு மே திங்கள் 8-ஆம் நாள் மிசௌரி மாநிலத்தில் லாமர் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் உழவர், கோவேறு கழுதை வாணிகமும் செய்தவர். சிறுவனுக்குப் பார்வை மங்கல். தடித்த மூக்குக் கண்ணாடி உடைந்துவிடுமோ என்ற அச்சத்தால் முரட்டு விளையாட்டுகளில் சேராமல் புத்தகங்களோடு வளர்ந்தார். கல்லூரிக்கு அனுப்ப வீட்டில் பொருள் இல்லை. இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரானவர்களுள் கல்லூரிப் பட்டம் பெறாதவர் இவர் ஒருவரே. பட்டத்திற்காக ஊர்விட்டு ஊர் வந்து மெஸ் சோற்றை உண்ணும் நமக்கு இது சிறிது சங்கடமான செய்திதான்.

வங்கியில் எழுத்தராக இருந்தார். ஏறத்தாழப் பத்தாண்டுகள் கிராண்ட்வியூ பண்ணையில் ஏர் ஓட்டினார். முதல் உலகப் போரில் பீரங்கிப் படையில் காப்டனாகப் பிரான்சில் போரிட்டார். திரும்பி வந்து போர் நண்பர் ஒருவருடன் கான்ஸாஸ் நகரில் ஆடவர் உடைக்கடை திறந்தார். சுமார் மூன்றாண்டுகளில் கடை மூடப்பட்டது. திவால் மனுப் போட்டு ஒதுங்கிக்கொள்ளாமல் பல ஆண்டுகள் அக்கடனை அடைத்து வந்தார். அரசியலில் அவரை இறக்கிவிட்டவர் பெண்டர்காஸ்ட் என்ற உள்ளூர்ப் பெரும்புள்ளி. தேர்தல் மோசடிக்கும் ஊழலுக்கும் பேர்போன கூட்டம் அது. ட்ரூமன் கைநீட்டியவர் அல்லர் என்பதைப் பகைவரும் ஒப்புக்கொண்டனர். ஆனாலும் 1934-இல் செனட் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, பெண்டர்காஸ்டின் ஆள் என்ற பெயரும் கூடவே வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது இராணுவச் செலவில் நிகழ்ந்த வீண்விரயங்களை ஆராயும் குழுவிற்குத் தலைமை தாங்கிய பின்னரே நாடு அவரை மதித்தது.

1945 ஜனவரியில் துணைத் தலைவரானார். 82 நாட்கள் கழிந்தன. ஏப்ரல் 12-ஆம் நாள் மாலை வெள்ளை மாளிகைக்கு வருமாறு அழைப்பு வந்தது. சென்றதும் ரூஸ்வெல்ட் மறைந்த செய்தியைத் திருமதி ரூஸ்வெல்ட்டே கூறினார். உலகின் மிகப் பெரும் பொறுப்பு, ஒன்றும் அறிவிக்கப்படாத ஒருவர் தோளில் வந்து விழுந்தது. அணுகுண்டு தயாராகி வருவதன் முழு விவரம் பதவியேற்ற பிறகுதான் அவருக்குச் சொல்லப்பட்டது. நான்கு திங்களுக்குள் ஹிரோஷிமாவும் நாகசாகியும் அழிந்தன. அம்முடிவுக்காக வருந்துவதாக அவர் இறுதிவரை கூறவில்லை. நாம் வருந்தாமல் இருக்க முடியாது.

பொதுவுடைமைமீது அவர் பிறவிப் பகை கொண்டிருந்தார் என்று எண்ணிவிடக் கூடாது. 1945 ஜூலையில் பாட்ஸ்டாம் மாநாட்டில் ஸ்டாலினைச் சந்தித்தபோது, இவரோடு பேரம் பேசி உடன்பாடு காணலாம் என்றே நம்பினார். அந்த நம்பிக்கை ஒரே நாளில் உடையவில்லை. போலந்திலும் ருமேனியாவிலும் மாஸ்கோவின் ஆட்கள் ஆட்சியைப் பிடித்தது, 1946-இல் வட ஈரானிலிருந்து சோவியத் படை விலகத் தாமதித்தது, மாஸ்கோ அமெரிக்கத் தூதரகத்திலிருந்து ஜார்ஜ் கென்னன் அனுப்பிய நீண்ட தந்தி ஆகியவை சிறிது சிறிதாக அவர் மனத்தை மாற்றின.

1947 பிப்ரவரி 21-ஆம் நாள் பிரிட்டன் ஒரு குறிப்பு அனுப்பியது. கிரீஸுக்கும் துருக்கிக்கும் இனித் தன்னால் உதவ இயலாது. மார்ச்சு இறுதியோடு நிறுத்திக்கொள்ளும் என்பது அதன் சாரம். போரில் வென்றும் வறுமையுற்ற பிரிட்டன் ஒவ்வொரு சுமையாக இறக்கி வைத்த காலம் அது. அதற்கு முதல் நாள்தான் இந்தியாவை விட்டு நீங்கப் போவதாகப் பிரதமர் ஆட்லி பாராளுமன்றத்தில் அறிவித்திருந்தார். கிரீஸில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. அங்கே ஆண்ட அரசு ஜனநாயகத்திற்கு இலக்கணம் என்று சொல்லத்தக்கதன்று. கிளர்ச்சிக்காரர்களுக்குப் பெரும் உதவி வந்ததும் மாஸ்கோவிலிருந்து அன்று, டிட்டோவின் யுகோஸ்லாவியாவிலிருந்து. இந்த நுட்பத்தை வாஷிங்டன் அன்று கவனிக்கவில்லை.

காங்கிரஸிலோ எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சிக்குப் பெரும்பான்மை. வரியைக் குறைக்க வேண்டும் என்று வாக்குக் கேட்டு வந்தவர்கள் அவர்கள். எங்கோ இருக்கும் கிரீஸுக்குப் பணம் கேட்டால் தருவார்களா? வெள்ளை மாளிகையில் நடந்த ஆலோசனையில் அச்செசன் என்ற அதிகாரி, ஒரு பழம் அழுகினால் கூடை முழுவதும் அழுகும் என்னும் உவமையைக் கொண்டு அவர்களைக் கலங்கவைத்தார். மார்ச்சு 12-ஆம் நாள் ட்ரூமன் காங்கிரஸின் முன் நின்று 40 கோடி டாலர் கேட்டார். கேட்டது இரண்டு நாடுகளுக்கு. சொன்ன காரணமோ உலகனைத்துக்கும் பொருந்துவது. ஆயுதச் சிறுபான்மையினரின் தாக்குதலையோ வெளியார் நெருக்குதலையோ எதிர்க்கும் சுதந்திர மக்களை ஆதரிப்பது அமெரிக்காவின் கடமை என்றார். செனட் சபை 67-க்கு 23 என்ற வாக்கில் ஏற்றது. மே 22-ஆம் நாள் சட்டமாயிற்று. எல்லையிட்டுக் கூறாத அவ்வாக்குறுதி பின்னர் எங்கெங்கு இழுத்துச் செல்லும் என்பதை அன்று எவரும் அளந்து பார்க்கவில்லை.

அந்த உரைக்கு ஒன்பது நாள் கழித்து அவர் இட்ட மற்றோர் ஆணையைப் பாடநூல்கள் பெரும்பாலும் தனி அதிகாரத்தில் வைத்துவிடுகின்றன. அரசு ஊழியர்களின் விசுவாசத்தைச் சோதிக்கும் ஆணை அது. வெளியே பொதுவுடைமையைத் தடுப்பவர் உள்ளே அதற்கு இடங்கொடுக்கிறார் என்ற பழி வரக்கூடாது என்பதற்காக இட்டது. பழி நிற்கவில்லை. 1950-இல் மெக்கார்த்தி எழுந்து அதே பழியைப் பெருங்குரலில் கூறினார். தாம் பயிரிட்ட ஐயத்தின் விளைச்சலை ட்ரூமனே அறுக்க நேர்ந்தது.

அவர் செயல்களுள் யாவரும் பாராட்டத்தக்கவை இரண்டு. ஒன்று, போரில் நொடிந்த மேற்கு ஐரோப்பாவுக்குச் சுமார் 1,300 கோடி டாலர் வழங்கிய திட்டம். அதற்குத் தம் பெயரை வைக்காமல் மார்ஷலின் பெயரை வைக்கச் செய்தார். மற்றொன்று பெர்லின். 1948 ஜூனில் சோவியத் அரசு மேற்குப் பெர்லினுக்குச் செல்லும் சாலை, இருப்புப்பாதை, நீர்வழி அனைத்தையும் அடைத்தது. இருபது லட்சம் மக்கள் உள்ளே. படையோடு வழியைத் திறந்தால் போர் மூளும். விட்டு நீங்கினால் நகரம் போகும். ட்ரூமன் இரண்டையும் செய்யாமல் வான் வழியே உணவும் நிலக்கரியும் அனுப்பினார். ஏறத்தாழ 23 லட்சம் டன் பொருள் விமானங்களில் சென்றது. 1949 மே 12-ஆம் நாள் முற்றுகை நீங்கியது. இடையே வந்த தேர்தலில் தோற்பார் என்று அனைவரும் கணித்திருக்க, அவர் வென்றதும் ஒரு வேடிக்கை.

கொரியாவில் அந்த நிதானம் இல்லை. 1950 ஜூன் 25-ஆம் நாள் வட கொரியப் படை தெற்கே புகுந்தது. ஐக்கிய நாடுகளின் பாதுகாப்புச் சபை அதனைக் கண்டித்தபோது இந்தியாவும் உடன் வாக்களித்தது. போர்ப் படை அனுப்பாமல் மருத்துவப் படைப் பிரிவை அனுப்பியது. செப்டம்பரில் இஞ்சோன் துறையில் இறங்கிய அமெரிக்கப் படை பகைவரை விரட்டியது. அத்துடன் 38-ஆம் இணைகோட்டில் நின்றிருக்கலாம். அமெரிக்கப் படை அக்கோட்டைக் கடந்தால் சீனா போரில் இறங்கும் என்று, அக்டோபர் தொடக்கத்தில் ஒரு நள்ளிரவில் நம் தூதுவர் பணிக்கரை அழைத்துச் சூ என்லாய் கூறினார். செய்தி தில்லி வழியே வாஷிங்டனை அடைந்தது. பணிக்கர் சீனச் சார்புடையவர் என்று கூறி அதனை ஒதுக்கினார்கள். சில வாரங்களில் சீனப் படை யாலு ஆற்றைக் கடந்து வந்தது. முதல் ஆண்டிலேயே நின்றிருக்கக்கூடிய போர் 1953 ஜூலை வரை நீண்டது. லட்சக்கணக்கான கொரியரும் சீனரும், முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க இளைஞரும் மாண்டனர். தூதுவர் யார் என்று பார்த்துச் செய்தியைத் தள்ளியது ட்ரூமன் ஆட்சியின் பெரும் பிழை என்பது என் கருத்து.

போரைச் சீனாவுக்குள் கொண்டுசெல்ல விரும்பிய தளபதி மெக்கார்தரை 1951 ஏப்ரல் 11-ஆம் நாள் அவர் பதவி நீக்கினார். நாடெங்கும் மெக்கார்தருக்கு ஆரவாரம், ட்ரூமனுக்கு வசை. மறு ஆண்டு எடுத்த கணிப்பில் நூற்றுக்கு 22 பேரே அவரை ஆதரித்தனர். ஆயினும் உலகப் போர் மூளாமல் காத்த செயல்களுள் அதுவும் ஒன்று. அந்த நாட்களில்தான் இந்தியா உணவுப் பஞ்சத்தில் கோதுமை கேட்டு நின்றது. ட்ரூமன் பிப்ரவரியில் பரிந்துரைத்தார். கொரியா பற்றி நேருவின் போக்குப் பிடிக்காத காங்கிரஸ் உறுப்பினர்கள் இழுத்தடித்தனர். ஜூனில்தான் 19 கோடி டாலர் கடன் சட்டமாயிற்று. எந்த அணியிலும் சேராதவன் பசித்திருக்கும்போது என்ன நேரும் என்பதை நம் பெற்றோரும் பாட்டனாரும் அன்று கண்டனர்.

1953-இல் பதவி முடிந்ததும் ரயிலேறி இண்டிபெண்டன்ஸ் நகருக்குத் திரும்பினார். 1957-இல் அங்கே அவர் பெயரால் நூலகம் திறக்கப்பட்டது. மாணவர் கூட்டங்கள் வந்தால் அரங்கில் நின்று அவர்கள் கேள்விகளுக்கு விடை கூறுவதில் அவருக்குத் தனி மகிழ்ச்சி. கல்லூரிப் பட்டம் இல்லாத அவர் 1959-இல் கொலம்பியா பல்கலைக்கழக மாணவர்களுக்கு விரிவுரையும் ஆற்றினார். 1964-இல் வீட்டில் வழுக்கி விழுந்த பின்னர் நடமாட்டம் குறைந்தது.

1950-இல் இந்தோசீனாவில் பிரெஞ்சுக்காரருக்கு உதவ முதன்முதல் பணமும் தளவாடமும் அனுப்பியவரும் ட்ரூமனே. 1972-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் தம் 88-ஆம் வயதில் அவர் காலமானார். அந்நாளில் அமெரிக்க விமானங்கள் ஹானோய் நகர்மீது குண்டு பொழிந்துகொண்டிருந்தன. நூலகத்தின் முற்றத்திலேயே அவரை அடக்கம் செய்தார்கள்.